பெயர் வெட்டின மூக்குப்பேணி: வவுனியாவில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வவுனியா நகருக்குள் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற கடைகளில் இப்போது மூக்குப்பேணிக்கு, அதாவது எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த பித்தளைப் பேணிக்கு, நல்ல கிராக்கி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள், கலியாண மண்டபம் சோடிக்கிறவர்கள் கேட்கிறார்கள், கிளிநொச்சிப் பக்கம் புது வீடு கட்டினவர்கள் கண்ணாடி அலுமாரியில் வைக்கக் கேட்கிறார்கள். பெயர் வெட்டின பேணி என்றால் விலை இன்னும் ஏறும். அப்படியான ஒரு கடையில் எடுத்த ஒரு பேணியையும், அதே கடை செய்து தருகிற மினுக்குதல், ஈயம் பூசுதல், பற்று வைத்தல் (உலோகத்தை உருக்கி ஒட்டுதல்), பெயர் வெட்டுதல் என்ற நாலு வேலைகளையும் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பேணி நல்லது, கேட்ட காசுக்குப் பெறும். ஆனால் அந்த நாலு வேலைகளில் மூன்று மூக்குப்பேணிக்குச் செய்விக்கக் கூடாதவை. ஏனென்றால் காசு கொடுத்து வாங்குவது பித்தளையை மட்டுமில்லை, அதில் உள்ள எழுத்தையும்தான். மினுக்குதல் அந்த எழுத்தில் கை வைக்கும், ஈயமும் பற்றும் மூக்கையும் குடிக்கிறதையும் கெடுக்கும்.

முதலில் பொருள். உயரம் பத்தரை சென்றிமீற்றர், வாய் எட்டு சென்றிமீற்றர் அகலம், நிறை 462 கிராம். கழுத்து ஒடுங்கி வயிறு உருண்டு, அடியில் சின்னப் பாதம். மூக்கு வயிற்றின் மேல்பாதியில் பொருத்தி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வாய்முட்ட ஊற்றினால் 340 மில்லிலீற்றர் பிடிக்கும் என்றாலும், மூக்கின் நுனி விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்வு என்பதால் 290க்கு மேலே போனால் மூக்கால் வழியத் தொடங்கும். ஆக, ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் கூட. கடைக்காரர் 12,000 ரூபா சொன்னார், 9,500க்குத் தந்தார். மினுக்கி முன்வரிசையில் வைத்திருந்த பேணிகளுக்கு இதைவிடக் கூடச் சொல்கிறார்கள். நியாயம் மறுவளமாக இருக்க வேணும். கடைக்குப் போனால் பின்னுக்குக் கறுத்துப்போய்க் கிடக்கிற சாமானைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்லது அங்கேதான் கிடக்கும்.

உலோகம் எதுவென்று பார்க்க காந்தம் மட்டும் போதாது. இரும்புக்கு மேல் பித்தளை முலாம் போட்டிருந்தால் காந்தம் பிடித்துவிடும், நாகக் (துத்தநாகக்) கலவை வார்ப்பைப் பிடிக்காது. குசினியில் வைத்திருக்கிற டிஜிற்றல் தராசு இதற்குக் கைகொடுக்கும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பேணியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாகத் தாழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் பேணியின் கன அளவு மில்லிலீற்றரில். இந்தப் பேணிக்கு 54 வந்தது. 462ஐ 54ஆல் பிரித்தால் 8.56. பித்தளை 8.4 முதல் 8.7 வரை நிற்கும். இரும்பு 7.8, நாகக் கலவை 7க்குக் கிட்ட. மூக்குக்குள் காற்று அடைபட்டிருந்தால் கணக்குக் குறைவாகக் காட்டும். ஆகவே தாழ்த்தின பிறகு ஒருக்கால் சரித்துக் குமிழியை வெளியே விடுங்கள். ஒரு கிராம் பிசகினாலே விடை 8.4க்கும் 8.7க்கும் இடையில் ஆடும் என்பதால், இந்தச் சோதனை பித்தளையையும் வெண்கலத்தையும் பிரித்துத் தராது. அதற்குக் காது வேணும். நூலில் தூக்கி விரல் எலும்பால் தட்டினால் வெண்கலம் நெடுநேரம் இழுக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். இரண்டிலும் சத்தம் ‘டொக்’ என்று செத்துப்போனால் எங்கோ வெடிப்பு இருக்கிறது, அல்லது மூக்கு ஆடுகிறது.

மூக்குப்பேணியில் முதலில் பழுதாவது மூக்குப் பொருத்துத்தான். உடம்பு ஒரு துண்டு, மூக்கு வேறொரு துண்டு. தூக்குகிறவர்கள், பிள்ளைகள் என்று எல்லாரும் மூக்கைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். நூறு தரம் தூக்கினால் பற்று இளகும். பொருத்தைச் சுற்றி வருகிற கோட்டின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக, உடம்போடு கலந்துபோய் இருந்தால் பழைய பித்தளைப் பற்று. சாம்பல் நிறத்தில் மழுங்கலாகத் தடித்து இருந்தால் பின்னொரு காலத்தில் யாரோ ஈயப்பற்று வைத்திருக்கிறார்கள். கத்தி நுனியால் மெல்லக் கீறினால் ஈயப்பற்று சுலபமாகச் சுரண்டுப்படும். பற்றுக்கு அந்தக் காலத்தில் பாவித்தது பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. அந்தப் பேணியில் தேத்தண்ணி குடிக்க வேண்டாம், வெறும் காட்சிக்கு வையுங்கள். நாம் எடுத்த பேணியில் கோடு முழுக்க மஞ்சள், ஒரு நெல்மணி நீளத்துக்கு மட்டும் மூக்கின் கீழ்ப்பக்கம் கறுப்பு. அந்த இடம்தான் சந்தேகம்.

ஒழுக்குப் பார்க்கிற முறை இது. சோக்கை இடித்துத் தண்ணீரில் குழைத்துப் பொருத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். மூக்கு நுனியை ரப்பரால் அடைத்துவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் நுழையாத வெடிப்புக்குள்ளும் மண்ணெண்ணெய் நுழையும், வெள்ளைச் சோக்கில் ஈரக்கோடு தெரியும். கடையில் இதைச் செய்ய விடமாட்டார்கள் என்றால் வெந்நீர் ஊற்றிக் கடதாசி சுற்றிப் பாருங்கள், பெரிய ஒழுக்காவது பிடிபடும். மண்ணெண்ணெய் மணம் சவர்க்காரமும் வெந்நீரும் போட்டு இரண்டு மூன்று தரம் கழுவினால் போய்விடும். கறுத்த அந்த இடம் ஒழுகவில்லை, வெறும் ஊத்தைதான்.

அடுத்தது மூக்கு நுனி. தண்ணீர் ஊற்றிவிட்டுச் சட்டென்று நிமிர்த்திப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் தண்ணீர் அறுந்து விழும். நசிந்தோ தேய்ந்தோ உருண்டு போயிருந்தால் கடைசித் துளி மூக்கின் அடிப்பக்கமாக ஓடி வயிற்றில் வழிந்து பிடிக்கிற கைக்கு வரும். அண்ணாந்து குடிக்கிறவரின் சட்டையில் தேத்தண்ணி சிந்துவதற்குக் காரணம் அவருடைய வாய் அல்ல, இந்த நுனி. நசிந்த நுனியை மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி எடுக்கலாம், அரத்தால் அராவக் கூடாது. மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கை போகாத இடம் என்பதால் பச்சைக் களிம்பு அங்கேதான் படியும். பால்போத்தல் சூப்பி கழுவுகிற சின்னப் பிறஸ் நுழையாத அளவு அடைத்திருந்தால் அந்தப் பேணியில் குடிக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வன்னியில் எடுக்கிற பழைய பித்தளைக்கே உரிய இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று மண். யுத்தத்தின் கடைசியில், 2008இலும் 2009இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் கிழக்கே கிழக்கே என்று நகர்ந்தபோது, தூக்க முடியாத பித்தளை, வெண்கலத்தை வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டவர்கள் பலர். திரும்பி வந்து கிண்டி எடுத்தவர்களும் உண்டு, எடுக்க ஆளில்லாமல் பழைய இரும்பு லொறிகளில் ஏறினதும் உண்டு. மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்த பித்தளையில் நாகம் முதலில் கரைந்து போகும், செம்பு மட்டும் மிஞ்சும். மஞ்சள் உடம்பில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் அதுதான். அந்த இடம் பார்வைக்குத் தடிப்பாக இருந்தாலும் உள்ளே பொத்தல். ஊசியால் குத்தினால் பொருக்காக உதிரும். மினுக்கினால் ஓட்டை விழும். இப்படியான பேணி விலை குறைவாகத்தான் பெறும், ஆனால் எழுத்து வாசிக்கக் கூடியதாக இருந்தால் அதை வாங்க வேறு நியாயம் இருக்கலாம். அது உங்கள் முடிவு.

மற்றது அமோனியா. கழுத்தில் அல்லது வாய் விளிம்பில் மயிர்க்கோடு போல நேரான வெடிப்பு, யாரும் கீழே போடாமலே வந்திருக்கும். அடித்தோ கடைந்தோ உருவாக்கின பித்தளைக்குள் இறுக்கம் தேங்கி நிற்கும். அதில் அமோனியாவும் ஈரமும் பட்டால் தானாக வெடிக்கும். வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் மாரி காலத்தில் குதிரை லாயத்துக்குக் கிட்ட வைத்த துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகள் வெடித்ததைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டுக் கொட்டிலோடு ஒட்டின அறையும், வயலுக்கு எடுத்த யூரியா மூட்டை அடுக்கின அறையும்தான் பழைய பாத்திரத்தின் இருப்பிடம். ஈரம் பட்ட யூரியாவிலிருந்து அமோனியா எழும். வாங்கின பேணியை அந்த அறையில் வைக்காதீர்கள். மினுக்குகிற திரவம் வாங்கினாலும் போத்தல் லேபலைப் பாருங்கள், அமோனியா என்றிருந்தால் இந்தப் பேணிக்கு வேண்டாம்.

இனி எழுத்து. வாய்க்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு வரி: ‘வே. க. முள்ளியவளை ஈசுர ௵ தை ௴’. பாதத்தின் அடியில் இன்னொரு கையால் ‘க. சி.’ என்று இரண்டே எழுத்து. கடைக்காரர் இதைப் ‘பண்டார வன்னியன் காலத்துப் பேணி’ என்றார். வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்தது 1803இல். அதற்கு அடுத்து வந்த ஈசுர வருடமே 1817–18. அறுபது வருடச் சுற்றில் அதற்குப் பிறகு 1877–78, 1937–38, 1997–98 என்று மூன்று ஈசுர வருடங்கள். தை மாதம் என்பதால் ஆங்கில வருடம் பின்னையதாக எடுக்க வேணும்: 1818, 1878, 1938, 1998. ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம். இந்தக் குறிகளைத் தெரியாத கடைக்காரர்கள் ‘கீறல்’ என்று சொல்லித் தேய்த்துவிடுகிறார்கள், கவனம்.

நாலில் எது? ‘முள்ளியவளை’ என்பதில் கடைசி ‘ளை’யைப் பாருங்கள். இப்போது எழுதுவதுபோலக் கொம்பு முன்னுக்குத் தனியாக நிற்கவில்லை, எழுத்தின் தலையோடு சுழித்து ஒட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றின 13 எழுத்துகளில் இதுவும் ஒன்று. இலங்கையில் பழைய வடிவம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கையில் இருந்தது. ஆகவே பழைய வடிவம் இருப்பதால் மட்டும் பேணி பழசாகிவிடாது. மறுவளமாக வருகிற சாட்சிதான் பலமானது. ‘1930’ என்று வெட்டிவிட்டுப் பக்கத்தில் ‘லை’யோ ‘னை’யோ புது வடிவத்தில் இருந்தால் அது அண்மையில் வெட்டினது, விவாதம் தேவையில்லை.

அடுத்ததாக வெட்டின விதம். நகைக்கடையில் பாவிக்கிற பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் கையால் வெட்டின கோடு ஒரே இழுப்பாக இருக்காது. உளியைச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்தினதால் சின்னச் சின்னப் படிகளாக இருக்கும், வளைவுகளில் கோணல் தெரியும். கோட்டின் அடி கறுத்துப்போய், மேற்பரப்பின் நிறத்தோடு ஒத்திருக்க வேணும். விளிம்பில் எழும்பி நின்ற பிசிறு கைபட்டுத் தேய்ந்து மழுங்கியிருக்க வேணும். புதிதாக வெட்டி மையோ பொலிஷோ அப்பிக் கறுப்பாக்கினது என்றால் நகப்பூச்சு அகற்றுகிற திரவத்தில் பஞ்சை நனைத்து ஒருக்கால் துடைத்தால் கறுப்பு பஞ்சில் வந்துவிடும், அடி பளபளக்கும். லேசரால் எழுதினதென்றால் கோடு எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஒரே அகலம், கருகின நிறம். பாதத்தில் இருக்கிற ‘க. சி.’ மின்சாரத்தில் அதிர்கிற பேனையால் எழுதினது. ஆழமில்லாத, ஒரே சீரான புள்ளிகள் கோர்த்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வழக்கத்தில் முதலெழுத்து தகப்பனுடையது. ‘வே. க.’ என்றால் ‘வே’யில் தொடங்குகிற தகப்பனுக்குப் பிறந்த ‘க’. ‘க. சி.’ என்றால் அந்தக் ‘க’வின் பிள்ளை ‘சி’. ஒரு பேணியில் இரண்டு தலைமுறை, எழுத்து கைமாறின விதம் கூடத் தெரிகிறது. முதலாமவர் 1878இல் வாழ்ந்தவரானால் அவருடைய பிள்ளையின் கைக்கு மின்சாரப் பேனை வந்திராது. 1998 என்றால் முதல் எழுத்து இவ்வளவு தேய்ந்திராது. 1938 என்று எடுப்பதுதான் பொருத்தம். எல்லாப் பேணியிலும் சங்கிலி இவ்வளவு சுத்தமாக வராது. மகளுக்குச் சீதனமாகப் போன பாத்திரத்தில் அடுத்த எழுத்து புருசனுடையதாக மாறி சங்கிலி அறுந்துவிடும். அயலில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் இரவல் போய் மாறி வந்ததும் உண்டு. பெயர் வெட்டுகிற பழக்கத்துக்கு முக்கிய காரணமே அந்த இரவல்தான்: இருபது வீட்டுப் பேணி ஒரு கிடாரத்துக்குள் கழுவக் கிடந்தால் எது எவருடையது என்று எழுத்துத்தான் சொல்லும்.

இந்த எழுத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூக்கு வைத்தது எச்சில் படாமல் குடிக்க என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே வீட்டின் படலைக்கு வெளியே நின்ற ஆட்களுக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். பொது இடங்களில் இந்தச் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் இலங்கையில் வந்தது 1957இல். இந்தப் பேணியில் பெயர் வெட்டி ஏறத்தாழ இருபது வருடம் கழித்து. குடும்ப வரலாறு என்று அலுமாரியில் வைக்கிறவர்கள் அதையும் தெரிந்து வைத்தால் நல்லது.

கடையின் வேலைகளுக்கு வருவோம். மினுக்குதல்: மெசினில் சுற்றுகிற பஃப் என்ற துணிச் சில்லில் பிடித்து, சிவப்பு மெழுகு தொட்டு, பத்து நிமிடத்தில் கண்ணாடியாக்கித் தருகிறார்கள். ஆனால் அந்தச் சில்லு களிம்பை மட்டும் எடுக்காது, உலோகத்தையும் எடுக்கும். எழுத்தின் விளிம்பு உருண்டு, ஆழம் குறைந்து, கோட்டுக்குள் சிவப்பு மெழுகு அப்பிக்கொள்ளும். கடையில் மினுக்கின மூன்று பேணிகளில் ஏதோ எழுத்து இருந்தது தெரிகிறது, வாசிக்க முடியவில்லை. குடும்பத்தின் பெயரை அழிக்கக் கூலியும் கொடுக்கிறோம் என்றால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கு.

வீட்டிலே செய்யக் கூடியது இது. முதலில் எழுத்தைப் பதிவெடுங்கள். மெல்லிய கடதாசியை மேலே வைத்து, மெதுவான 4பி பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக விழும். போன் கமெராவில் எடுப்பதென்றால் வெளிச்சத்தை நேரே அடிக்காமல் பக்கத்தால் தாழ்வாக அடியுங்கள், மேடு பள்ளம் தெரியும். பிறகு தேசிக்காய் அளவு புளியை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பஞ்சால் ஒற்றி மூன்று நிமிடம், கூடினால் ஐந்து நிமிடம். இரவு முழுக்க ஊறவைத்தால் பித்தளை சிவந்துவிடும், பிறகு தேய்த்து மினுக்காமல் அது மஞ்சளாகாது. கழுவின பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அலசுங்கள். உப்பும் புளிப்பும் மூக்குக்குள் தங்கினால் ஒரு கிழமையில் பச்சைப் புள்ளி வரும். துடைத்து உடனே வெயிலில் காயவிடுங்கள். எழுத்துள்ள பக்கத்தில் சாம்பல், செங்கல் தூள், தேங்காய்ப்பொச்சு எதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெய் பூசி வைக்கிற பழக்கமும் நல்லதில்லை, எண்ணெயின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சையாகப் பிசுபிசுக்கும்.

ஈயம் பூசுதல்: அண்டா, செம்பு, குண்டான் என்றால் இந்தக் கடையின் வேலை நல்லது. தூய வெள்ளீயம் பாவிக்கிறார்கள், கட்டியைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூள் தூவிப் புகை எழும்பும்போது வெள்ளீயத்தை உரசி, பஞ்சால் ஒரே ஓட்டமாகத் துடைத்துப் பரப்புகிறார்கள். வெள்ளீயம் உருகுவது 232 பாகையில். சிக்கல் அங்கேதான். மூக்கில் பழைய ஈயப்பற்று இருந்தால் அது 190 பாகைக்குள்ளேயே இளகிவிடும், பேணிக்கு ஈயம் பூசும்போதே மூக்குக் கழன்று கையில் வரும். மூக்கு உறுதியாக நின்றாலும் பஞ்சு அதற்குள் போகாது. வயிறு வெள்ளையாகவும் மூக்குள் பச்சையாகவும் இருக்க, குடிக்கிற தண்ணீர் எல்லாம் அந்தப் பச்சை வழியாகத்தான் வரும். உருண்ட ஈயத்துளி மூக்கை அடைப்பதும் உண்டு. ஆக மூக்குப்பேணிக்கு ஈயம் வேண்டாம். பச்சைத்தண்ணீர், வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு உடனே கழுவினால் ஈயமில்லாமலே பாவிக்கலாம். மோர், தேசிக்காய்த் தண்ணீர், புளிச்சாறு என்று புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள், ஊற்றி வைத்து ஆறவிடவும் வேண்டாம்.

பற்று வைத்தல்: மின்சாமான் திருத்துகிற சோல்டர் கம்பியைத்தான் பாவிக்கிறார்கள். கேட்டால் மறைக்கவும் இல்லை. அந்தக் கம்பியில் சாதாரணமாகக் காரீயம் உண்டு. குடிக்கிற பாத்திரத்துக்கு ஆகாது. மூக்கு ஒழுகினால் நகைவேலை செய்கிறவரிடம் கொண்டுபோய் வெங்காரம் போட்டு வெள்ளிப்பற்று வைக்கச் சொல்லுங்கள். அதற்கு 600 பாகைக்கு மேல் சூடு வேணும், பொருத்தைச் சுற்றி உலோகத்தின் பழைய நிறம் போய்விடும், பித்தளை கொஞ்சம் மெதுமையாகும். எழுத்து மூக்குக்குக் கிட்ட இருந்தால் அந்த இடத்தில் ஈரத்துணி சுற்றச் சொல்லுங்கள். காட்சிக்கு மட்டும் வைக்கிற பேணி என்றால் ஒழுகட்டும், தொடாதீர்கள்.

வாங்கும்போது பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்காமல் தருவதில்லை. அதில் பேணியின் நிறை, வெட்டியிருக்கிற எழுத்து எழுத்துக்கு எழுத்து, எந்த ஊரிலிருந்து கடைக்கு வந்தது என்று மூன்றும் எழுத வேணும். கோயில் பெயரோ ‘உபயம்’ என்ற சொல்லோ இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள், அது விற்கிறவருடைய சொத்தாக இருக்க முடியாது. ஊர்ப்பெயர் வாசிக்கக் கூடியதாக இருந்தால், காசு கொடுப்பதற்கு முதல் பென்சில் பதிவின் படத்தை அந்த ஊரில் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். முள்ளியவளை, தண்ணீரூற்று ஆட்களென்றால் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு எங்கிருந்தாலும் வந்து சேருவார்கள், முதலெழுத்தைச் சொன்னாலே வளவைக் காட்டக் கூடிய பெரியாக்கள் இருக்கிறார்கள். உரிமையுள்ள குடும்பம் தேடிக்கொண்டிருக்கக் கூடும், அவர்களுக்கு வாங்கின விலைக்குக் கொடுப்பதுதான் முறை. குடும்பத்தவர் உறுதிப்படுத்த விரும்பினால் விவாகப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைப் பற்றியது, இந்தப் பேணி அதற்குள் வராது. ஆனால் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தில் காட்டிக் கடிதம் ஒன்று எடுத்துக்கொண்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. கடைக்காரரின் ‘வன்னியன் காலத்து’ என்ற வார்த்தையைப் பற்றுச்சீட்டில் எழுத விடாதீர்கள், சுங்கத்தில் அதுவே வில்லங்கம்.

நாலாவது வேலை பெயர் வெட்டுதல், கடையில் நம்பிக் கொடுக்கக் கூடியது இதுதான். கையால் வெட்டுகிற வயதானவர் ஒருவர் கிழமையில் சில நாட்கள் வருகிறார், எழுத்துக் கணக்குக்குக் கூலி. மெசினில் எழுதுகிற பொடியனும் இருக்கிறான், அது மலிவு. அடுத்த தலைமுறையின் பெயரைச் சேர்க்க விரும்பினால் கையால் வெட்டுகிறவர் வரும் நாளைக் கேட்டுப் போங்கள். பழைய வரிக்குப் பக்கத்தில் வெட்டச் சொல்லாதீர்கள், பாதத்தின் அடியில் இடம் இருக்கும். மூக்குக்குக் கிட்டவும் வேண்டாம், உளித்தட்டு பற்றை அசைக்கும். பேணிக்குள் ஈரமணலை இறுக்கி நிரப்பிவிட்டு வெட்டுகிறாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தகடு உள்ளே குழியும். பெயரைக் கடதாசியில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் ‘ழ’வும் ‘ள’வும் மாறும். முதலெழுத்துக்குப் பிறகு புள்ளி வேணுமா இல்லையா என்பதையும் எழுதியே கொடுங்கள். பிழையாக வெட்டினால் அழிக்கிற வழி தகட்டை அராவி மெல்லிதாக்குவது மட்டும்தான், கடை அதற்குக் காசு திருப்பித் தராது.